வெறும் சேறு என்று சொன்ன என் மாணவனுக்கு

நீளமான பதிவு. பொறுமை இருக்கிறவர்கள் படியுங்கள். படிக்காமலே கைகூப்பும் படம் போட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு இப்போதே நன்றி சொல்லிவிடுகிறேன், அவர்கள் போகலாம்.

போன வாரம் எங்கள் பக்கத்து ஏரி ஒன்றைப் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. ஏரியின் பெயரை எழுதப் போவதில்லை. பெயர் போட்டால் பேச்சு ஏரியை விட்டுவிட்டு எந்தக் கட்சி, யார் காண்டிராக்ட் என்று ஆட்களிடம் போய்விடும். குமாரபாளையத்திலிருந்து ஸ்கூட்டரில் போய்ப் பார்த்துவிட்டு வருகிற தூரம்தான். தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அந்த ஏரியின் மேல்கோடியில், ஓடைத் தண்ணீர் உள்ளே வருகிற இடத்தில், நான்கைந்து ஏக்கருக்குக் கோரையும் சம்பும் மண்டிக் கிடக்கிறது. ஐப்பசியில் இடுப்பளவு தண்ணீர், மாசியில் கணுக்கால் அளவு, சித்திரையில் மேலே வெடித்துக் கீழே ஈரம். கோரை மூலை என்போம். திட்டம் என்னவென்றால், அந்த மூலையைப் பத்தடி ஆழத்துக்குத் தோண்டி மண்ணை அள்ளிவிட்டு, சுற்றிலும் பேவர் பிளாக் பதித்து நடைபாதை, விளக்கு, பெஞ்சு, ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில் நிறுத்திப் போட்டோ எடுக்க ஒரு இடம். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் கையைத் தூக்கி, "ஏரியைத் தூர்வாருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை, அந்த மூலையை மட்டும் விட்டுவிடுங்கள்" என்றேன்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவன் என்னிடம் ஆறாம் வகுப்புப் படித்தவன். இப்போது சொந்தமாகத் தறி போட்டு நாலு பேருக்கு வேலை கொடுக்கிறான். எழுந்து நின்று மரியாதையாகத்தான் கேட்டான். "டீச்சர், அது வெறும் சேறுங்க. கொசு, பாம்பு, நாத்தம். அதை வெச்சுக்கிட்டு என்னங்க டீச்சர் பண்றது?"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அறுபத்தாறு வயதில் பதில் மறுநாள் காலையில்தான் வருகிறது. அதனால் இந்தப் பதிவு. கண்ணு, இது உனக்குத்தான்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். நான் விஞ்ஞானி இல்லை. இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்து, முப்பத்துமூன்று வருஷம் சின்னப் பிள்ளைகளுக்கும் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பாடம் எடுத்தவள். ஓய்வு பெற்ற பிறகு கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கிறேன். படித்ததை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரிச் சொல்ல வராவிட்டால் எனக்கே அது புரியவில்லை என்று எடுத்துக்கொள்வேன். அந்த அளவுகோலில்தான் எழுதுகிறேன்.

சேற்றைப் பற்றி நமக்கு என்றைக்கும் நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. திருக்குறளில் நரகத்துக்கு வருகிற சொல்லே அளறு, அதாவது சேறு. ஆனால் சேற்றில் கால் வைக்காமல் ஒரு பிடி சோறு இங்கே யாரும் தின்றதும் இல்லை.

உங்கள் வீட்டில் மாங்காய் ஊறுகாய் போடுவார்கள். மேலே நல்லெண்ணெய் மிதக்கிற வரைக்கும் ஊற்றி வைப்பார்கள். எண்ணெய் குறைந்து துண்டு வெளியே தலை நீட்டினால் பூஞ்சை பிடிக்கும். ஏன்? காற்று பட்டுவிட்டது. கோரை மூலையில் எண்ணெய்க்குப் பதில் தண்ணீர். தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவுகிற வேகம் காற்றில் பரவுவதைப் போலப் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். அந்தச் சேற்றில் நாலைந்து விரற்கடை கீழே போனால் ஆக்சிஜனே இருக்காது. ஆகவே கோரையின் வேர், சம்பின் தண்டு, ஓடை அடித்து வந்த இலை, செத்த நத்தை, பறவை எச்சம், எதுவும் முழுசாக மட்குவதில்லை. பாதி மட்கியும் மட்காமலும் கறுப்பாகப் படிகிறது. அடுத்த வருஷம் அதன்மேல் இன்னொரு படிவு. செடி காற்றிலிருந்து இழுத்துக் கட்டிய கரிமம், அதாவது கார்பன், அந்தக் கறுப்பில் உட்கார்ந்திருக்கிறது. அதோடு கூடவே நைட்ரஜனும் பூட்டிக் கிடக்கிறது. மட்கிய பொருளில் ஏறக்குறைய பத்துப் பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு நைட்ரஜன் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றைக் கலைத்தால் இன்னொன்றும் கிளம்பும். இதை மறக்காதே, பின்னால் வேண்டியிருக்கிறது.

உலகத்திலேயே இதற்குப் பெரிய உதாரணம் பீட் நிலங்கள். முழுக்கச் செடி கொடி படிந்தே உண்டான சதுப்பு. உலகத் தரைப்பரப்பில் சுமார் 3 சதவீதம்தான். ஆனால் உலகத்துக் காடுகள் அத்தனையும் மரமாக நின்று வைத்திருப்பதைவிட அதிகக் கரிமம் அந்த 3 சதவீத மண்ணுக்குள் இருக்கிறது. அதைக் காய விட்டால் என்ன ஆகும் என்று கேட்டால் இங்கிலாந்தில் ஹோம் ஃபென் என்ற இடத்தில் ஒரு இரும்புத் தூண் நிற்கிறது. 1851-இல் பக்கத்து ஏரியை வடியவிட்டு விவசாய நிலமாக்கியபோது, மண் எவ்வளவு இறங்குகிறது பார்ப்போம் என்று தரை மட்டத்துக்குச் சமமாக நட்டார்கள். இன்றைக்கு அந்தத் தூணின் தலை தரைக்கு மேலே சுமார் 4 மீட்டர். தூண் வளரவில்லை. மண் இறங்கிவிட்டது. வடிந்ததும் கொஞ்சம் அமுங்கியது, மிச்சம் காற்றுப் பட்டு மட்கிக் கரியமில வாயுவாகப் போய்விட்டது. இரண்டு ஆள் உயரத்துக்கு மண் காணாமல் போன கதையை வகுப்பில் சொல்லியிருந்தால் பிள்ளைகள் வாயைப் பிளந்திருப்பார்கள். அப்போது எனக்குத் தெரியாது, சொல்லவில்லை.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? 2015-இல் இந்தோனேசியாவில் வடியவிட்ட பீட் நிலங்கள் மாதக்கணக்கில் புகைந்தபோது சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அங்கே சொந்தக்காரர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். நம் நீலகிரியிலும் மேட்டு நிலத்துப் பள்ளங்களில் பீட் படிவு உண்டு. அந்த மண்ணை அடுக்கடுக்காக எடுத்து, அதிலிருந்த கரிமத்தை வைத்தே இருபதாயிரம் வருஷத்து மழையும் வறட்சியும் எப்படி மாறி மாறி வந்தன என்று இந்திய விஞ்ஞானிகள் கண்டுபிடித்து 1993-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். இருபதாயிரம் வருஷம்! கல்வெட்டுகூட அவ்வளவு பழசு கிடையாது. அப்படிப்பட்ட பள்ளங்களைத்தான் தேயிலைக்கும் யூகலிப்டஸுக்கும் சீகை மரத்துக்கும் காய வைத்தோம்.

இப்போது நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். நம் கோரை மூலை பீட் நிலம் இல்லை. இது மனிதன் கரை போட்டுக் கட்டிய ஏரி. கோடையில் காய்கிறது. காய்கிறபோதெல்லாம் கொஞ்சம் கரிமம் போகத்தான் செய்யும். நீலகிரிப் பள்ளத்தோடு ஒப்பிட்டு நான் பூச்சாண்டி காட்டவில்லை. ஆனால் குளம், ஏரி போன்ற சின்ன நீர்நிலைகள் ஒரு சதுர மீட்டர் கணக்கில் பார்த்தால் பெரிய ஏரிகளைவிட வேகமாகக் கரிமத்தைப் புதைக்கின்றன என்பது பல நாடுகளில் அளந்து பார்த்த விஷயம். தமிழ்நாட்டில் ஏரி, குளம் என்று நாற்பதாயிரத்தை ஒட்டி இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் நுழைகிற கோடியில் இப்படி ஒரு மூலை இருந்தது. கூட்டிப் பார்.

நம்பாவிட்டால் நீயே சோதித்துப் பார்க்கலாம். நான் பார்த்தேன். கோரை மூலையில் ஒரு பிடி, ஏரிக்கு மேலே இருக்கிற தரிசில் ஒரு பிடி. இரண்டையும் தனித்தனித் தட்டில் கொட்டி, மெடிக்கலில் புண் கழுவ விற்கிற ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றினேன். தரிசு மண்ணில் அங்கங்கே சின்னக் குமிழ். ஏரிச் சேறு பொங்கிய பால் மாதிரித் தட்டை விட்டு வழிந்தது. மட்கிய பொருள் அதிகமிருந்தால் அப்படித்தான் பொங்கும். பிறகு காய வைத்த சேற்றைப் பழைய வாணலியில் போட்டு அடுப்பில் ஏற்றினேன். மயிர் கருகுகிற வாடை. அது நைட்ரஜன் உள்ள பொருள் கருகுகிற வாடை. என் மருமகள் அன்றைக்கு என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

சரி, கரிமம் உலகத்துக்கு நல்லது, நமக்கு என்ன என்பாய். நைட்ரஜனுக்கு வருகிறேன், இதுதான் நம் வீட்டு வாசலில் நிற்கிற சங்கதி.

நாமக்கல் மாவட்டம் ஒரு நாளைக்கு 5 கோடிக்கு மேல் முட்டை போடுகிற மாவட்டம். அத்தனை கோழியும் தின்றது போக மீதி எச்சமாக வருகிறது. கோழி எருவில் நைட்ரஜன் அதிகம் என்று எந்த விவசாயியைக் கேட்டாலும் சொல்வார். அதற்கு மேல் யூரியா. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. அதில் 46 சதவீதம், அதாவது இருபது கிலோவுக்கு மேல் நைட்ரஜன். பயிர் எடுத்துக்கொள்வது பல சமயம் பாதிகூட இல்லை. மீதி? கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சம் நைட்ரேட்டாக மாறித் தண்ணீரோடு கரைந்து கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் இறங்கும். இதோடு செப்டிக் டேங்க்கும் சாக்கடையும். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேல் போனால் புட்டிப்பால் குடிக்கிற கைக்குழந்தைக்கு ரத்தம் ஆக்சிஜனை எடுத்துப்போக முடியாமல் உடம்பு நீலம் பூக்கும். கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது, தண்ணீர் சுண்டுவதால் இன்னும் அடர்த்தியாகும். அம்மாக்கள் இந்த ஒரு வரியையாவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நைட்ரஜன் மிஞ்சிப் போனால் எப்படியிருக்கும் என்று பார்க்க லேப் வேண்டாம். கோடையில் நம் காவிரிப் பாலத்தில் நின்று கீழே பார்த்தால் போதும். பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி ஆகாயத்தாமரை. அது தண்ணீரின் செழிப்பு இல்லை, சாக்கடையின் செழிப்பு.

இந்த நைட்ரேட்டைக் காசு வாங்காமல் ஒழிக்கிற ஆள் ஒருவர்தான் இருக்கிறார். சேற்றுக்குள் இருக்கும் பாக்டீரியா. அதற்குச் சுவாசிக்க ஆக்சிஜன் கிடைப்பதில்லை. ஆகவே நைட்ரேட்டில் இருக்கிற ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு, மிச்சத்தை நைட்ரஜன் வாயுவாக்கி மேலே விட்டுவிடுகிறது. நாம் இழுக்கிற மூச்சில் ஐந்தில் நாலு பங்கு அந்த வாயுதான், ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் இந்த வேலைக்கு அதற்கு இரண்டு வேண்டும். காற்றில்லாத ஈரம் ஒன்று, தின்ன மட்கிய கரிமம் ஒன்று. இரண்டும் சேர்ந்து இருக்கிற இடம் கோரை மூலை. அதுவும் ஓடை உள்ளே வருகிற வாயிலேயே. வாசலில் நின்று வருகிறவனின் காலைக் கழுவிவிட்டு உள்ளே அனுப்புகிற மாதிரி. அந்தக் கறுப்பு மண்ணைப் பத்தடி தோண்டி எடுத்துவிட்டு, கீழே இருக்கிற சுக்கான் கல்லைக் காட்டினால் பாக்டீரியா எதைத் தின்னும்? பேவர் பிளாக்கையா?

இங்கே விவரம் தெரிந்தவர்கள் குறுக்கே வருவார்கள். சதுப்பிலிருந்து மீத்தேன் வருகிறதே என்பார்கள். வருகிறது. 1776-இல் வோல்ட்டா, ஆமாம் வோல்ட் என்ற அளவுக்குப் பெயர் கொடுத்த அதே வோல்ட்டாதான், இத்தாலியில் ஒரு ஏரிக் கரைச் சேற்றைக் குச்சியால் கிளறி அந்தக் குமிழைப் பிடித்துக் கொளுத்திக் காட்டினார். நூறு வருஷக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு சூடு பிடிக்கிற வாயு அது. மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அதைச் சொல்கிறவர்கள் பாதிக் கணக்கைத்தான் போடுகிறார்கள். சேற்றைக் கிளறிக் காய வைத்தால், அத்தனை வருஷம் சேர்ந்த கரிமம் கிளம்பும், பூட்டிக் கிடந்த நைட்ரஜனும் கிளம்பும். அதில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடு. அது 273 மடங்கு. மீத்தேன் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் கலையும். இது நூறு வருஷத்துக்கு மேல் நிற்கும். உண்மையிலேயே மீத்தேன் மேல் அக்கறை இருந்தால் ஏரிக்குள் விடுகிற சாக்கடையை நிறுத்துங்கள். சாக்கடை கலந்த ஏரிதான் அதிகம் விடும்.

நாற்றம் என்றாயே, அதற்கும் வருகிறேன். நல்ல சதுப்புக்கு மழை மண் வாடையோடு லேசான ஒரு மக்கல் வாடை இருக்கும், அவ்வளவுதான். அழுகின முட்டை நாற்றம் வந்தால் அங்கே சல்பேட் அதிகம் சேர்ந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். சாயப் பட்டறைகளில் நூலில் சாயம் ஏறுவதற்கு உப்பு கொட்டுகிறார்கள், பல இடங்களில் சோடியம் சல்பேட். கழிவுத் தண்ணீரோடு அது வந்து சேற்றில் இறங்கினால், இன்னொரு வகை பாக்டீரியா அதை அந்த முட்டை நாற்ற வாயுவாக மாற்றும். கண்ணு, நம் ஊர் பிழைப்பே நூலும் சாயமும்தான், எனக்குத் தெரியும். என் அப்பாவும் தறிக்குழியில் கால் விட்டு என்னைப் படிக்க வைத்தவர். ஆனால் நாற்றம் சேற்றினுடையது இல்லை என்று சொல்லாமல் இருக்க முடியாது. இன்னொன்று: சாய உப்பைக் கோரையும் தின்னாது, சம்பும் தின்னாது. சதுப்பு சுத்தம் செய்யும் என்று சொன்னதைப் பிடித்துக்கொண்டு யாராவது ராத்திரியில் குழாயைத் திருப்பிவிட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

கொசுவா? டெங்கு கொசு ஆட்டுக்கல் குழியிலும் பழைய டயரிலும் மாடியில் மறந்துபோன டப்பாவிலும் முட்டையிடும். நல்ல தண்ணீர்தான் அதற்கு வேண்டும். தவளையும் தும்பிக் குஞ்சும் சின்ன மீனும் இருக்கிற கோரையில் அதற்குப் பிழைப்பு கஷ்டம். பாம்பு இருக்கிறது. நானும் பார்த்தேன், தண்ணீர்ப் பாம்பு. அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போனது.

தூர்வாரல். இதைப் பேசாமல் விட்டால் என்னைத் தூர்வாரலுக்கு எதிரி என்று எழுதிவிடுவார்கள். என் அமுச்சி ஊரில் ஏரிக்குக் கீழே எங்கள் அப்பச்சிக்கு ஒன்றரை ஏக்கர் இருந்தது. சித்திரையில் ஏரி வற்றியதும் கட்டைவண்டி கட்டிக்கொண்டு வண்டல் அள்ளப் போவார்கள். நான் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே போயிருக்கிறேன். முழங்கால் ஆழத்துக்கு மேல் யாரும் வெட்டமாட்டார்கள். கரை ஓரம், மடை ஓரம், கோரை பக்கம் மண்வெட்டி வைத்தால் ஊர்ப் பெரியவர்கள் விடமாட்டார்கள். அள்ளிய வண்டல் வயலில் பரவும். அதில் இருந்த கரிமமும் நைட்ரஜனும் நெல்லாகவும் கரும்பாகவும் ஆகும், தோகையும் வைக்கோலும் மாட்டுக்குப் போய்ச் சாணமாகும், மழையில் கொஞ்சம் கரைந்து திரும்ப ஏரிக்கே வரும். யூரியா மூட்டையைக் கண்ணில் பார்க்காத காலத்தில் அதுதான் உரக்கடை. 1934-இல் மேட்டூர் அணை வந்த பிறகு காவிரி வண்டலில் பெரும்பங்கு அங்கேயே நின்றுவிடுகிறது. ஆகவே ஏரி வண்டல் இன்னும் அருமையாகத்தான் ஆகியிருக்க வேண்டும்.

இன்றைக்கும் விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் வண்டல் எடுக்கக் கட்டணம் இல்லை. 2024-இல் தாசில்தார் அளவிலேயே அனுமதி வாங்கலாம் என்று அரசு எளிதாக்கியது. நல்ல காரியம், கைதட்டுகிறேன். ஆனால் நான் போன கோடையில் ஒரு டிராக்டருக்குப் பின்னால் ஸ்கூட்டரில் போய்ப் பார்த்தேன். எந்த ஏரி, யாருடைய டிராக்டர் என்பது இங்கே தேவையில்லை. வண்டி எந்த வயலுக்கும் போகவில்லை. வீட்டு மனை போட்ட இடத்தில் பள்ளத்தை மேடாக்கக் கொட்டினார்கள். அடுத்த நடை செங்கல் சூளைக்கு. நூறு வருஷம் தண்ணீருக்கடியில் காப்பாற்றி வைத்த கரிமத்தைச் சூளையில் போட்டு எரிக்கிறோம், அதே சாயந்திரம் புவி வெப்பமயமாதல் பற்றிக் கோலப்போட்டி நடத்துகிறோம்.

ஏரியை அளக்க நம்மிடம் ஒரே ஒரு அளவுகோல்தான் இருக்கிறது: எத்தனை கன அடி. 2022-இல் மத்திய அரசு அம்ருத் சரோவர் என்று மாவட்டத்துக்கு 75 குளம் என்றது. அங்கேயும் கணக்கு, எத்தனை ஆயிரம் கன மீட்டர் தண்ணீர் பிடிக்கும் என்பதுதான். தண்ணீர் முக்கியம், இல்லையென்று சொல்ல நான் என்ன பைத்தியமா? ஆனால் ஏரி என்பது சிமெண்ட் தொட்டி இல்லை. அடியில் இருக்கிற மண்ணுக்கும் ஒரு கணக்கு எழுத வேண்டும். ஒரு திட்ட அறிக்கையிலாவது அந்த மண்ணில் எவ்வளவு கரிமம், எவ்வளவு நைட்ரஜன் என்று ஒரு வரி சோதித்து எழுதியிருந்தால் காட்டுங்கள், இந்தப் பதிவை அழித்துவிடுகிறேன். விவசாயி தன் வயல் மண்ணை எடுத்துக்கொண்டு போனால் அரசு மண் பரிசோதனை நிலையத்திலேயே பார்த்துக் கொடுக்கிற சங்கதி இது.

சட்டம் காப்பாற்றுமே என்றால், அங்கேதான் பெரிய ஓட்டை. 2017-இல் வந்த மத்திய சதுப்பு நில விதிகளில், எது சதுப்பு நிலம் என்று சொல்கிற இடத்திலேயே, பாசனத்துக்கென்று மனிதன் கட்டிய நீர்நிலைகள் இதில் சேராது என்று ஒரு வரி இருக்கிறது. நெல் வயலும் சேராது. ஆக, சோழன் கட்டினால் என்ன, பல்லவன் கட்டினால் என்ன, ஏரி என்றால் அந்த விதிகளுக்கு வெளியே. வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாட்டில் உலக அளவிலான ராம்சார் பட்டியலில் இருக்கிற 20 இடங்களில் வேடந்தாங்கல், வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், நம் பக்கத்தில் ஈரோட்டிலிருந்து சென்னிமலை போகிற வழியில் இருக்கும் வெள்ளோடு, எல்லாம் ஏரிகள்தான்! உலகம் சதுப்பு நிலம் என்று ஒப்புக்கொண்டதை நம் விதி ஒப்புக்கொள்ளத் தயங்குகிறது. அதே 2017-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் 2,01,503 சதுப்பு நிலங்களைக் காப்பாற்றச் சொன்னது. நாமக்கல் மாவட்டத்திலிருந்து ராம்சார் பட்டியலில் ஒன்றுகூட இல்லை. நமக்கு யோக்கியதை இல்லையா, கேட்கத் தெரியவில்லையா?

பட்டியலில் ஏறிவிட்டால் மட்டும் பிழைத்துவிடும் என்றும் நினைக்காதே. பள்ளிக்கரணை ஒரு காலத்தில் ஐம்பது சதுர கிலோமீட்டர் பரவியிருந்த சதுப்பு. குப்பை மேடு, சாலை, கட்டடம், அரசு நிறுவனங்களே உட்பட எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் கடித்த பிறகு 2022-இல் பட்டியலில் ஏறியது 1,248 ஹெக்டேர். 2015 டிசம்பரில் அந்தப் பக்கம் தண்ணீரில் நின்றவர்களுக்கு அது என்ன விலை என்று தெரியும்.

இதையெல்லாம் எழுதுகிற எனக்கு எழுதத் தகுதி இருக்கிறதா என்று நேற்று ராத்திரி யோசித்தேன். 2000-களின் தொடக்கத்தில் பள்ளியில் பசுமைப் படைக்கு நான்தான் பொறுப்பு. சுற்றுச்சூழல் நாள் வந்தது. முப்பது பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இதே ஏரிக்குத்தான் போனேன். "புதரை அகற்றுவோம்" என்று நானே அட்டையில் எழுதினேன். காலையிலிருந்து மத்தியானம் வரை கோரையைப் பிடுங்கிக் குவித்துக் கொளுத்தினோம். பிடுங்கிய இடத்தில் வேம்பும் புங்கனும் நட்டோம். ஐப்பசித் தண்ணீரில் அத்தனை கன்றும் அழுகிச் செத்தது. மேட்டு நிலத்து மரத்தைச் சேற்றில் நட்டால் வேறென்ன ஆகும்? பத்திரிகையில் போட்டோ வந்தது, பாராட்டுச் சான்றிதழ் வந்தது. சான்றிதழ் இன்னும் பீரோவில் இருக்கிறது. கோரை மூன்று வருஷத்தில் தானாகவே திரும்பி வந்தது, நல்ல வேளை. அன்றைக்கு என்னோடு கோரை பிடுங்கிய முப்பது பேரில் நீயும் ஒருவன். வெறும் சேறு என்று உனக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். அதனால்தான் கூட்டத்தில் எனக்குக் கோபம் வரவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஏரியின் கீழ்ப்பாதியில், மடையை ஒட்டிய ஆழப் பகுதியில் தூர்வாரட்டும், அங்கே மேடு தட்டிப்போனது உண்மை. அள்ளுகிற வண்டல் வயலுக்குத்தான் போகிறது என்று ஊர்க்காரர் இருவர் நின்று எழுதி வைக்கட்டும். சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்கட்டும், நானும் வந்து கூலி இல்லாமல் முள் பொறுக்குகிறேன். நடைபாதை வேண்டுமா, கரை மேல் போடட்டும். காலையில் மூச்சு வாங்க நடக்கிற எனக்கும் அது வேண்டும். கோரை மூலையில் மட்டும் ஜேசிபி இறங்க வேண்டாம். ஓடையில் வருகிற சாக்கடைக்கு அந்த மூலைக்கு முன்னாலேயே ஒரு வழி செய்யுங்கள். கோரையை வருஷத்துக்கு ஒருமுறை மேலாக அறுத்துக்கொள்ளலாம். காவிரிக் கரையில் மோகனூர், வேலூர் பக்கம் பாய்க்கென்றே கோரை போட்டுப் பிழைக்கிறார்கள், அறுத்தால் திரும்பத் தழைக்கிற செடி அது. மீதியைச் சேறு பார்த்துக்கொள்ளும்.

திங்கட்கிழமை நாமக்கல் கலெக்டர் ஆபீஸில் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுக்கிறேன். மனு எழுதியாகிவிட்டது, ஒன்றரைப் பக்கம். இதுவரை பதினொரு கையெழுத்து. அதில் நாலு என் சொந்தக்காரர்கள், அவர்கள் படிக்காமல் போட்டார்கள்.

அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு கோரை மூலையில் இருப்பேன். பெராக்சைடு பாட்டில் நான் கொண்டு வருகிறேன். கண்ணு, உன் வீட்டுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. வெள்ளை வேட்டி வேண்டாம். கரையிலிருந்து இருபது அடி உள்ளே போனால் முழங்கால் வரை இறங்கும், என்னைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்.